நகம் அளவு அலுமினியம்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

போனில் சொல்ல வேண்டியதைப் போய் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஸ்பேனர் தேடப் போய்விடுவாய். அம்மா நடுவில் புகுந்து, "எலும்பெல்லாம் முழுசா இருக்கா?" என்பாள். நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுபோகும். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

விஷயம் இதுதான். எனக்கு வேறு வண்டி வேண்டும்.

உன் பட்டறையில் நீயே கட்டி, லாரியில் ஏற்றி அனுப்பிய இந்த முந்நூறு சிசி வண்டியை நான் குறை சொல்லவில்லை. நாற்பது வயதில் ட்ராக்கில் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றபோது சிரிக்காமல் கட்டிக் கொடுத்தவன் நீ ஒருவன்தான். போன வருஷம் முழுக்க இதில்தான் கற்றேன். வளைவுகளில் இப்போது என்னை அசைக்க ஆள் இல்லை. ஆனால் நேர்ப்பாதை வந்ததும் மானம் போகிறது.

எங்கள் குரூப்பில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். அவருடையதும் இதே மாடல்தான், நிறம்கூட இதேதான். ஆள் என்னைவிட ஒரு சிமெண்ட் மூட்டை கூடுதல் கனம். வளைவில் நான் அவரைப் பிடித்துவிடுவேன். நேர்ப்பாதையில் மனுஷர் சாவகாசமாக என்னைத் தாண்டிப் போவார், போகும்போது கையை வேறு அசைப்பார். ஒவ்வொரு சுற்றிலும் இதே கதை.

போன ஞாயிறு எங்கள் பயிற்சியாளர் எல்லார் முன்னாலும் கேட்டார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் அவருக்கு விசில் என்றே பெயர். "வளைவுல இவ்ளோ நல்லா போறீங்க. நேர்ல ஏன் பயப்படுறீங்க?" என்றார். ஆக்சிலேட்டரை முழுசாகத் திறக்கும் வரைக்கும் வேகக் குரூப்புக்கு என்னை ஏற்ற மாட்டாராம். முட்டுகிற வரைக்கும் திருகுகிறேன் சார் என்றேன். "எல்லாரும் அப்படித்தான் நெனச்சுக்குவாங்க" என்று சிரித்தார்.

எனக்குப் பயமாம்! ஓடுகிற லிஃப்டின் கூரைமேல் நின்று கம்பிக் கயிற்றைச் சோதிப்பதுதான் என் பிழைப்பு. கீழே பத்து மாடிக்கு வெறும் இருட்டு. அங்கே வராத பயம் இங்கே ஒரு தார்ச் சாலையில் வந்துவிட்டதாம்.

ஆகவே எந்த வண்டி வாங்கலாம், சொல். அறுநூறு சிசி, நாலு சிலிண்டர் என்று யோசிக்கிறேன்.

அக்கா

*

பிப்ரவரி 20

அக்காவுக்கு,

அம்மா நலம். உன் எலும்புகளைக் கேட்டாள்.

அறுநூறு வேண்டாம். நான் சொன்னால் கேட்டுக்கொள், இதே வேலையில் ஊறியவன் நான். வேகம் பத்தவில்லை என்று பெரிய வண்டி வாங்குகிறவர்கள் எல்லாரும் என் பட்டறைக்குத்தான் வந்து சேருகிறார்கள், பாதிப் பேர் கையில் கட்டோடு. பெரிய இன்ஜின் நீ வளைவில் செய்கிற தப்பை நேர்ப்பாதையில் மறைத்துவிடும். தப்பு அங்கேயேதான் இருக்கும். சின்ன வண்டி எதையும் மறைக்காது. அதில் ஓட்டத் தெரிந்தவன் எதிலும் ஓட்டுவான்.

செலவு செய்யக் கை அரித்தால் ஒழுங்காகச் செலவு செய். முதலில் டயர், அப்புறம் பிரேக், அப்புறம் சஸ்பென்ஷன். இன்ஜின் பக்கம் கடைசியில் போகலாம், போகாமலும் இருக்கலாம். இந்தப் பார்சலில் கம்பி பின்னிய பிரேக் ஹோஸும் ட்ராக்குக்கான பிரேக் பேடும் இருக்கின்றன. ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட்டு இதை மாட்டு. லிவரைத் தொட்டதும் வித்தியாசம் தெரியும். அங்கே இருக்கிறவர்கள் பேச்சைக் கேட்டுச் சைலன்சர் மாற்றாதே. அதற்குக் கொடுக்கிற காசுக்குச் சத்தம்தான் கிடைக்கும்.

ஒன்று மட்டும் மறக்காதே. ஆக்சிலேட்டர் கைப்பிடி, கேபிள், அந்தப் பக்கம் நீயும் கை வைக்காதே, யாரையும் வைக்கவிடாதே. அந்த அட்ஜஸ்ட்மெண்ட் என் கைக்கு மட்டும்தான் பிடிபடும்.

நேர்ப்பாதையைப் பற்றி ரொம்ப அலட்டிக்கொள்ளாதே. நான் ஓட்டிய காலத்தில் எந்த நேர்ப்பாதையிலும் என்னை ஒருத்தன் தாண்டியதில்லை. அதெல்லாம் பழகப் பழக வரும்.

தம்பி

*

ஏப்ரல் 2

தம்பிக்கு,

பிரேக்குக்கு ஆயிரம் நன்றி. ஒற்றை விரலில் நிற்கிறது. டயரும் மாற்றிவிட்டேன். ரப்பர் சூடாகும் வரை இரண்டு சுற்று பொறுமையாகப் போகச் சொன்னார்கள், போகிறேன். வளைவில் முழங்கால் தரையில் உரசியது. சூட்டின் முழங்காலில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் கட்டை தேய்ந்துவிட்டது, எடுத்து வைத்திருக்கிறேன், அம்மாவிடம் சொல்லாதே.

அடுத்து நான் எழுதுவதைப் படித்துத் திட்டுவாய். சைலன்சர் மாற்றினேன். ஏர் ஃபில்டரும் மாற்றினேன். செயின் ஓடுகிற பின் ஸ்ப்ராக்கெட்டில் பல்லைக் கூட்டிப் பார்த்தேன். வண்டி இப்போது தெருவையே எழுப்புகிறது. பல் டாக்டர் அப்போதும் தாண்டிப் போகிறார், அதே கை அசைப்போடு. நீ சொன்னபடி சத்தம்தான் வாங்கினேன்.

தம்பி, இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. விசில் சொன்னதை நான் நம்ப ஆரம்பித்துவிட்டேன். முட்டுகிற வரைக்கும் திருகுகிறேன் என்று என் கை சொல்கிறது. முன்னால் போகிற வண்டி, இல்லை என்கிறது. யாரை நம்புவது? ராத்திரி குளியலறையில் துண்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டைத் திருகிப் பழகுகிறேன், பைத்தியக்காரி மாதிரி. என் உடம்பு எனக்குத் தெரியாமல் பயப்படுகிறதோ, கை என்னை ஏமாற்றுகிறதோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

அது ட்ராக்கோடு நிற்கவில்லை. போன வாரம் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் லிஃப்ட் கூரையில் கால் வைக்கப் போனேன், நின்றுவிட்டேன். எத்தனை வருஷத்து வேலை இது! கதவு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே இருந்த ஆபரேட்டர், "என்ன மேடம், ஏதாச்சும் பிரச்சனையா?" என்றார். டார்ச்சில் சார்ஜ் இல்லை என்று பொய் சொன்னேன்.

எனக்குப் பட்டதைச் சொல்லிவிட்டேன். நீ வண்டி தெரிந்தவன், என்னையும் தெரிந்தவன். என்ன நினைக்கிறாய், மறைக்காமல் எழுது.

அக்கா

*

ஏப்ரல் 15

அக்காவுக்கு,

பட்டறையில் தலைக்கு மேல் வேலை. சுருக்கமாக எழுதுகிறேன்.

சைலன்சரைக் கழற்றி வை, பழையதையே போடு. உன் எடைக்கு ஏற்ற பின்பக்க ஸ்பிரிங் அனுப்பியிருக்கிறேன். வண்டியில் இப்போது இருப்பது கம்பெனி ஸ்பிரிங், உனக்கு அது கட்டை மாதிரி. இதை மாட்டினால் வளைவிலிருந்து வெளியே வரும்போது டயர் நன்றாகப் பிடிக்கும். வெளியே வருகிற வேகம் கூடினால் நேர்ப்பாதையிலும் கூடும். அவ்வளவுதான் கணக்கு.

மற்றபடி, கையைப் பற்றி நீ கேட்டது. நேரில் பார்க்காமல் என்ன சொல்ல? விசில் பல பேரைப் பார்த்தவர். அவர் சொன்னால் அதில் ஏதாவது இருக்கும். நீ உனக்கே தெரியாமல் கையை விடுகிறாயோ என்னவோ. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லாருக்கும் ஒரு எல்லை இருக்கும்.

லிஃப்ட் வேலையில் கவனமாக இரு.

தம்பி

*

மே 11

டேய்,

இந்தக் கடிதத்துக்குள் ஒன்றும் வைக்கவில்லை. வைத்தால் அந்தத் துண்டைத்தான் வைக்க வேண்டும். அதை உன் முகத்தில் எறிய எனக்கு ஆசை, தபாலில் அனுப்பினால் அந்தத் திருப்தி கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் என் புதுப் பிரேக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்றார். ஒரு சுற்றுக்கு வண்டியை மாற்றிக்கொண்டோம். லைசென்ஸ் எடுத்தது ஸ்கூட்டரில், அப்புறம் நீ அனுப்பிய வண்டி. கியர் வண்டியில் அதைத் தவிர நான் வேறொன்றில் உட்கார்ந்ததே இல்லை. நேர்ப்பாதை வந்தது. எப்போதும் போல முட்டுகிற வரைக்கும் திருகினேன். என் மணிக்கட்டு வழக்கமாக நிற்கிற இடம் வந்தது. நிற்கவில்லை. இன்னும் திரும்பியது. இன்னும் கொஞ்சம் திரும்பியது. வண்டி என்னைப் பின்னால் விட்டுவிட்டுப் போவது போல் பாய்ந்தது. ஹெல்மெட்டுக்குள் கத்தினேன்.

திரும்பி வந்தால் பல் டாக்டர் என் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார். "என்னங்க, உங்க வண்டி பாதியிலயே முட்டுது?" என்கிறார்.

அங்கேயே, எல்லார் முன்னாலும், கைப்பிடி உறையின் இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றினேன். உள்ளே இருந்தது. சுண்டுவிரல் நகம் அளவு ஒரு அலுமினியத் துண்டு. மூலையெல்லாம் உருட்டி, கேபிள் உரசாதபடி ஓரத்தில் பள்ளம் எடுத்து, நகை மாதிரி செய்து வைத்திருக்கிறது. அரத்தை அப்படிப் பிடிக்கிற ஆள் உலகத்தில் நீ ஒருவன்தான். விசில் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்ல வேலைப்பாடு" என்றார். எனக்கு அழுகை வந்தது. அழவில்லை. அந்தச் சந்தோஷத்தை உனக்குத் தர மாட்டேன்.

அந்த அட்ஜஸ்ட்மெண்ட் உன் கைக்கு மட்டும்தான் பிடிபடுமா? ஆமாம், பிடிபடும்!

நீ துண்டை வைத்ததைக்கூட ஒரு நாள் மன்னிப்பேனோ என்னவோ. உன் ஏப்ரல் கடிதம் என் முன்னால் கிடக்கிறது. லிஃப்ட் கூரையில் கால் வைக்க முடியாமல் நின்றேன் என்று உன்னிடம் மட்டும் சொன்னேன். மறைக்காமல் எழுது என்று கேட்டேன். என் கை ஏன் நிற்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் உட்கார்ந்து எழுதுகிறான்: "நீ உனக்கே தெரியாமல் கையை விடுகிறாயோ என்னவோ." எல்லாருக்கும் ஒரு எல்லை இருக்குமாம்! அந்த எல்லையை அரம் வைத்துத் தேய்த்துச் செய்தவன் எழுதுகிறான். எப்படியடா மனசு வந்தது?

அந்தத் துண்டைக் குப்பையில் போட்டுவிட்டேன்.

*

மே 19

அக்காவுக்கு,

ஆமாம், வைத்தேன். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் நான் ஏதோ உன் சொத்தைத் திருடியவன் மாதிரி எழுதியிருக்கிறாயே, அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். உனக்கு வண்டி கட்டுவதற்கு முந்தின மாதம் ஒரு இன்ஜினியருக்கு வண்டி கட்டினேன். கேட்டதெல்லாம் போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் வாரம் அந்த வண்டி இரண்டு கோணிப்பையில் திரும்பி வந்தது. அவர் இன்னும் கோல் ஊன்றித்தான் நடக்கிறார். அந்த இரும்பைக் கொட்டிப் பிரித்த மேஜையில்தான் உன் வண்டியைக் கட்டினேன். நீ என் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?

அம்மா வேறு. தினமும் தட்டை வைக்கும்போது ஒரே கேள்வி, "அவ ரொம்ப வேகமா போவாளாடா?" நான் அம்மாவிடம் பொய் சொல்கிறவன் இல்லை. "போக முடியாதும்மா" என்பேன். அது உண்மை. அம்மாவிடம் பொய் சொல்லாமல் இருக்கத்தான் உன்னிடம் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் எடுத்துவிட நினைத்தேன். நீ நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தாய், எதற்குக் கெடுப்பது என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் கேள். வளைவில் உன்னை அசைக்க ஆள் இல்லை என்கிறாயே, அது எங்கிருந்து வந்தது? நேர்ப்பாதையில் போன நேரத்தை வளைவில் மீட்டாய். முழு வண்டி கொடுத்திருந்தால் அந்தப் பல் டாக்டர் மாதிரி நேர்ப்பாதையில் கை அசைத்துக்கொண்டு போயிருப்பாய். கொஞ்சம் நிதானமாக யோசித்தால் உனக்கே புரியும்.

ஏப்ரலில் எழுதிய அந்த வரியைப் பற்றி என்ன சொல்வது என்று தெரியவில்லை. அன்றைக்கு அவசரத்தில் எழுதினேன்.

தம்பி

*

ஜூன் 8

தம்பிக்கு,

நிதானமாகவே யோசித்தேன். நிதானமாக யோசித்ததில் கோபம் இன்னும் கூடிவிட்டது.

நான் வளைவு கற்றது உன் துண்டால் இல்லை. லீவு நாளெல்லாம் வெயிலில் நின்று, விசிலிடம் திட்டு வாங்கி, சுற்றுச் சுற்றாகப் போய்க் கற்றேன். அதில் உனக்குப் பங்கு கேட்காதே. ஒருத்தியை அறைக்குள் பூட்டிவிட்டு, அதனால்தானே புத்தகம் படித்தாய் என்று கேட்பது போல் இருக்கிறது.

புதிதாகக் கற்கிறவளுக்கு அப்படி ஒரு தடை வைப்பது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. நல்ல ஏற்பாடுதான். "அக்கா, ஆறு மாசத்துக்கு இது இருக்கட்டும்" என்று நீ சொல்லியிருந்தால் நானே ஸ்க்ரூவைப் பிடித்துக் கொடுத்திருப்பேன். என் வேலையே அதுதானே! வேகம் மீறினால் லிஃப்டைப் பிடித்து நிறுத்துகிற கருவியைச் சோதிப்பவள் நான். ஆனால் லிஃப்டுக்குள் பலகை இருக்கும்: இத்தனை பேர், இத்தனை கிலோ. ஏறுகிற மனுஷனுக்குத் தெரியும். தெரியாமல் எதையும் வைத்தால் என் கையெழுத்துச் செல்லாது, வேலையும் போகும்.

உன் பாதுகாப்பின் லட்சணத்தையும் கேட்டுக்கொள். துண்டை எடுத்துவிட்டு முதல் தடவை ஓட்டினேன். நேர்ப்பாதை முடிகிற இடத்தில் நான் பிரேக் பிடிக்கிற அடையாளம் ஒரு மஞ்சள் பலகை. ஒரு வருஷத்துக்கு மேலாகப் பழகியது. பலகை வந்ததும் பிடித்தேன். நீ கட்டிப் போட்ட வண்டிக்கு அந்த இடம் சரி. முழு வேகத்தில் வரும் வண்டிக்கு அது ரொம்பத் தாமதம். நேராக ட்ராக் ஓரத்து மணலுக்குள் போய் விழுந்தேன். பயப்படாதே, கட்டை விரல் மட்டும் பிசகியது, பிரேக் லிவர் ஒடிந்தது. நீ எனக்குக் கொடுத்தது பத்திரம் இல்லை, தப்பான தூரம். ஓட்டுகிறவளுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து உண்டா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உனக்குச் சாதகமாக இருந்தாலும் பரவாயில்லை. முழுசாகத் திறந்தபோது எனக்குப் பயமாக இருந்தது. நிஜமாகவே கையை விட்டேன். ஆனால் அது என் பயம். போன வருஷமே அதைச் சந்தித்து, பேசித் தீர்த்திருப்பேன். அதையும் நீ எடுத்து வைத்துக்கொண்டாய்.

ஸ்பிரிங் எதுவும் அனுப்ப வேண்டாம். நீயும் வர வேண்டாம்.

*

ஜூன் 17

அக்காவுக்கு,

நீ மணலில் விழுந்ததைப் படித்துவிட்டுப் பட்டறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிரேக் பிடிக்கிற இடம் மாறும் என்பது எனக்குத் தெரியாததா? யாருக்கு வண்டி கட்டினாலும் அதைத்தான் முதலில் சொல்வேன். உன் விஷயத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. துண்டை எடுக்கிற நாளை நான் நினைத்தே பார்க்கவில்லை.

அம்மா கடிதத்தைப் பார்த்துவிட்டாள். நான்தான் மேஜைமேல் விட்டுவிட்டேன். உன் பக்கம் பேசுவாளோ என் பக்கம் பேசுவாளோ என்று நின்றேன். முழுசாகப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். "நான் பயந்தேன்தான். பயப்படுறது என் வேல, அத நான் பாத்துக்கறேன். அதுக்கு அவ கையப் புடிச்சு வைன்னு உன்கிட்ட யாரு சொன்னா? என் பேர ஏன் இதுல இழுத்த?" என்றாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, டம்ளரைப் பார்த்து, "ஆறிடும்" என்கிறாள்.

நான் என்ன செய்தால் உனக்கு ஆறும், சொல். லிவர் அனுப்பட்டுமா? அனுப்ப வேண்டாம் என்றால் அனுப்பவில்லை.

தம்பி

*

ஜூலை 1

தம்பிக்கு,

லிவர் இங்கேயே வாங்கி மாட்டிவிட்டேன். கையும் சரியாகிவிட்டது.

ஒன்று செய். இந்த மாதம் இருபதாம் தேதி ஞாயிறு, ட்ராக்குக்கு வா. உன் பழைய லீதர் சூட் இன்னும் பத்துகிறதா பார், பத்தாவிட்டால் பல் டாக்டரிடம் ஒன்று இரவல் கேட்டு வைக்கிறேன். நடுக் குரூப்பில் உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். என் வண்டியை நீ காலை முழுக்க ஓட்ட வேண்டும். நான் வேலிக்கு அருகில் நின்று பார்க்க வேண்டும். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

வண்டி தயாராக இருக்கும். நீ எதையும் தொட வேண்டாம், ஓட்டினால் போதும். அன்றைக்கு ஒரு நாள் உனக்கு நான் மெக்கானிக்.

அம்மாவுக்குச் சொல்லிவிட்டு வா.

அக்கா

*

ஜூலை 26

அக்காவுக்கு,

சாப்பிடாமல்கூடப் பஸ் ஏறி வந்துவிட்டேன் என்று உனக்குக் கோபம் இருக்கலாம். எனக்கும் கோபம்தான். ஐந்து நாளாக எழுத உட்கார்ந்து எழுந்திருக்கிறேன்.

குப்பையில் போட்டுவிட்டேன் என்று எழுதினாயே! அதை நம்பித்தானே ஏறி உட்கார்ந்தேன்?

முதல் சுற்றில் நேர்ப்பாதையில் கை நின்றது. ரொம்ப வருஷம் ஆச்சு, பழக்கம் விட்டுப்போச்சு என்று நினைத்தேன். அடுத்த சுற்றில், இரவல் கையுறை தடிமன், அதனால் திருகவில்லை என்று நினைத்தேன். அதற்கடுத்த சுற்றில் அந்தப் பல் டாக்டர் என்னைத் தாண்டினார். தாண்டும்போது கை அசைத்தார்! நான் குனிந்தேன், வயிற்றை டேங்க்கோடு ஒட்டினேன், பல்லைக் கடித்துக்கொண்டு திருகினேன். நிற்கிறது. பயந்துவிட்டாயடா என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. அந்த இன்ஜினியரின் கோணிப்பை ஞாபகம் வந்தது. இத்தனை வருஷம் அடுத்தவனுக்கு வண்டி கட்டிக் கட்டி உள்ளுக்குள் கோழையாகிவிட்டேன் என்று முடிவே செய்துவிட்டேன்.

அக்கா, அந்தத் துண்டைச் செய்தவன் நான். எந்த இடத்தில் முட்டும் என்று என் விரலுக்குத் தெரியும். எனக்கே துண்டின் மேல் சந்தேகம் வரவில்லை, என் மேல்தான் வந்தது.

உள்ளே வந்து ஹெல்மெட்டைக் கழற்றுகிறேன். விசில் வந்து தோளில் தட்டுகிறார். "வளைவுல பரவால்ல. நேர்ல ஏன் பயப்படுறீங்க?" பத்துப் பேர் நிற்கிறார்கள். நான் யார் தெரியுமா, எத்தனை வண்டி கட்டியவன் தெரியுமா என்று கத்தத் தோன்றியது. நீ அந்த ஸ்க்ரூ கழற்றுகிற சாவியை என் கையில் வைத்தாய். அப்போதுதான் புரிந்தது, துண்டைத் திரும்ப உள்ளே வைத்திருக்கிறாய் என்று. உன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் பஸ் ஏறினேன், கோபத்தில் இல்லை. மேலே கோபம் என்று எழுதியிருக்கிறேன், அடிக்க மனசில்லை, அப்படியே இருக்கட்டும்.

"கையை விடுகிறாயோ என்னவோ" என்று எழுதினேனே, அவசரத்தில் எழுதினேன் என்று சொன்னது பொய். தெரிந்தேதான் எழுதினேன். நீ உன்னைச் சந்தேகப்பட்டால் வண்டியைத் திறந்து பார்க்க மாட்டாய் என்று எழுதினேன். வெட்கமாக இருக்கிறது. மன்னிப்பு கேட்கிறேன், கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம்.

உனக்கு எந்த வண்டி வேண்டும், சொல். அறுநூறா, நாலு சிலிண்டரா, எதுவானாலும் கட்டித் தருகிறேன். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் நீ பக்கத்தில் நின்று பார்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தாள். என்னைப் பார்த்தே சிரித்தாள், அதுவரைக்கும் நல்லது.

தம்பி

*

ஆகஸ்ட் 6

தம்பிக்கு,

குப்பையில் போட்டேன் என்று எழுதியது பொய்தான். உன்னிடம் கற்றுக்கொண்டேன்.

சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்கவில்லை. கேட்பாய் என்று ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன், வீணாகிவிட்டது. ஒன்றை மட்டும் எழுதி வைக்கிறேன்: நீ ஒரு காலைப்பொழுது கோழையாக இருந்தாய். நான் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தேன். நீ இறங்கியதும் கையில் சாவி கொடுக்க ஒருத்தி நின்றாள். எனக்கு உன் கடிதம்தான் வந்தது. கோபம் முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். ஆனால் உன் முகம் அன்றைக்கு வேலி ஓரத்தில் வெளுத்துப் போனதைப் பார்த்தபோது எனக்கு நினைத்த அளவுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஓடிவந்து தண்ணீர் கொடுக்கலாமா என்றுகூட நினைத்தேன். கொடுக்கவில்லை.

வேலையில் எல்லாம் சரியாகிவிட்டது. அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் கூரையில் நேற்று ஏறினேன், டார்ச்சில் சார்ஜும் இருந்தது.

துண்டை எடுத்துவிட்டுப் பிரேக் பிடிக்கிற இடத்தையெல்லாம் முதலிலிருந்து கற்றுக்கொண்டிருக்கிறேன். மஞ்சள் பலகைக்கு ரொம்ப முன்னாலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போகிறேன். இன்னும் நடுக் குரூப்தான். விசில் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார், சிரிக்காமல் சொன்னார். நேர்ப்பாதையில் இன்னும் பயம் வருகிறது. வரட்டும், என் கைக்குத் தெரிகிற பயம்தானே. போன ஞாயிறு பல் டாக்டரை நேர்ப்பாதையில் தாண்டினேன். கை அசைத்தேன்.

புது வண்டி வேண்டாம். அறுநூறும் வேண்டாம், நாலு சிலிண்டரும் வேண்டாம். இந்த வண்டியையே நான் இன்னும் முழுசாக ஓட்டிப் பார்க்கவில்லை.

பின் டயர் தேய்ந்துவிட்டது. புதுசு ஒன்று அனுப்பு. பார்சலைப் பிரித்துப் பார்ப்பேன், உள்ளே டயர் மட்டும்தான் இருக்க வேண்டும்.

அக்கா